பார்த்துக்கொள்கிற வேலை

கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் சேலை விரித்துக் காட்டினேன். கடை அக்குறணை ஹாஜியாருடையது. மக்காவுக்குப் போய் வந்தவர் என்பதால் எல்லாரும் அவரை ஹாஜியார் என்றே கூப்பிடுவார்கள். நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தேன். அம்மாவைப் போலக் கொழுந்துக் கூடை மாட்டப் பிடிக்காமல் பஸ் ஏறி வந்தேன். கவுண்டரில் என்னோடு நின்றவள் குண்டசாலையிலிருந்து வருகிற சிங்களப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் அவளை 'அக்கே' என்பேன். அவள் என்னை 'நங்கி' என்பாள், அதாவது தங்கச்சி. எங்கள் பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான்.

ஹாஜியார் யோசித்துத்தான் ஆள் எடுப்பார். கண்டியத்து ஒசரிச் சேலை எடுக்க வருகிற சிங்களக் குடும்பங்களுக்கு அக்கா. கலியாணக் கூறைக்கு வருகிற எங்கள் ஆட்களுக்கு நான். பெருநாள் சீசனில் அபாயா, சல்வார் பக்கம் அவரே நின்றுகொள்வார். "சனம் தன்ட பாஷைல கதைக்கிற ஆளுக்கிட்டத்தான் புள்ள சாமான் வாங்கும்" என்பார். அது சரிதான். ஆனால் வேலை பழகப் பழக நான் ஒசரியும் விற்றேன், அக்கா கூறையும் விற்றாள். கூறையில் எந்த நிறம் ஆகாது, எது பொண்ணு வீட்டுக்காரருக்குப் பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது.

திகனப் பக்கம் முஸ்லிம் ஆட்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த வருஷம் ஊரடங்கு போட்டார்கள். அது எடுத்துக் கடை திறந்த முதல் நாள் ஹாஜியார் அக்காவைக் கூப்பிட்டு, ரோட்டிலிருந்து பார்த்தால் முகம் தெரிகிற மாதிரி காசு மேசையில் உட்கார வைத்தார். அவர் பின்னால் துணி அடுக்கும் அறைக்குள் போய்விட்டார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பத்து மணித் தேத்தண்ணிக்கு நான் கோப்பையைக் கொண்டுபோய் வைத்தபோது அக்கா மட்டும், "என்னைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார்" என்றாள். சில மாதங்கள் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் வந்து பார்த்தால் ஹாஜியார் பழையபடி மேசையில் இருந்தார். அக்கா கவுண்டருக்கு வந்துவிட்டாள். அதையும் யாரும் பேசவில்லை.

நாட்டில் டொலர் இல்லை என்று சொன்ன காலத்தில்தான் எங்கள் கடை விழுந்தது. இந்தியாவிலிருந்து சரக்கு வரவில்லை. வந்த கொஞ்சமும் யாரும் தொடமுடியாத விலை. கரண்ட் போய்ப் போய் வந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. கதவோரம் வெளிச்சம் விழுகிற இடத்துக்குச் சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து விரிப்போம். கலியாணங்கள் நின்றுவிடவில்லை. கூறையைச் சொந்தத்தில் யாரிடமாவது இரவல் வாங்கிக் கட்டினார்கள்.

ஹாஜியார் ஒரு நாள் பகல் தொழுகை முடித்து வந்து எங்கள் இரண்டு பேரையும் கதிரையில் உட்காரச் சொன்னார். கடைக்குள் நாங்கள் கதிரையில் உட்கார்ந்ததே இல்லை.

"மகன் கட்டாருக்குப் போறான் புள்ள. கடைய எனக்குத் தனிய இழுக்க ஏலா. அக்குறணைல வீட்டுக்கு முன்னுக்குச் சின்னதா ஒண்டு போட்டுட்டு இரிக்கப் போறன். ஒங்களுக்கு வேற எடம் பாக்கச் சொல்லோணும்."

எனக்குத் தமிழில் சொன்னதை அவரே அக்காவுக்குச் சிங்களத்தில் திரும்பச் சொல்லத் தொடங்கினார். அவளுக்குத் தமிழ் விளங்கும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார். இரண்டாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டார். எழுந்து போய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். நான் கவுண்டரில் கிடந்த சேலைகளை மடித்து வைத்தேன்.

*

"நாங்கள் இரண்டு பேரும் ஜப்பானுக்குப் போவோம்" என்றாள் அக்கா, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு. பகல் சாப்பாட்டுக்குப் போவோம் என்பது போலச் சொன்னாள். அவளுடைய அண்ணன் ஏற்கெனவே கொரியாவில் இருந்தார். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அவள் கலியாணம் கட்டவில்லை. ஒரு சம்பந்தம் வந்து, பேச்சு நடந்து, முறிந்துபோனது. நானும் கட்டவில்லை. எங்கள் இருவருக்கும் அதைப் பற்றிக் கேட்கிற ஆட்களும் குறைந்துகொண்டு வந்தார்கள்.

பேராதனை ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. ஜப்பானில் நிறைய வருஷம் இருந்துவிட்டு வந்த சிங்களவர் ஒருவர் படிப்பித்தார். நாங்கள் அவரை 'சென்செய்' என்று கூப்பிட வேண்டும், ஆசிரியர் என்று அர்த்தம். முதல் நாளே அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அங்கே வயசாளிகள் கூட, பிள்ளைகள் குறைவு. தூக்கிக் குளிப்பாட்டக் கை இல்லை. இங்கே டொலர் இல்லை. அதனால்தான் நீங்கள் இந்த அறையில் இருக்கிறீர்கள். வேறு எதையும் மனதில் வைத்துக் குழம்ப வேண்டாம்."

அந்த அறையில் எல்லாச் சாதிச் சனமும் இருந்தது. ஆமியிலிருந்து, அதாவது ராணுவத்திலிருந்து, விலகிய ஒருவன், அக்குறணையில் போன் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பையன், கார்மெண்ட் மூடி வேலை போன பெண்கள், கலியாணமாகிக் குழந்தையைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். பாடம் சிங்களத்தில் விளக்கினார்கள். தமிழில் படித்தவள் நான். ஜப்பான் சொல்லைச் சிங்களத்தில் விளங்கி, அதைத் தமிழில் எழுதிப் பாடமாக்குவேன். முதல் மாதம் தலை இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது. பிறகு ஒரு நாள் சென்செய் பலகையில் ஒரு வசனம் எழுதினார். நான் தண்ணீர் குடிக்கிறேன். வினை கடைசியில் வந்தது. தமிழில் மாதிரியே. சிங்களத்தில் மாதிரியேயும்தான் என்று அக்கா சொன்னாள். அதன் பிறகு கொஞ்சம் இலேசானது.

மாலையில் செய்முறைப் பாடம். கட்டிலில் ஒருவர் நோயாளியாகப் படுக்க வேண்டும், மற்றவர் தூக்கி வீல்செயரில் இருத்த வேண்டும். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். ஆமிக்காரன் படுத்தான், போன் கடைப் பையன் தூக்கினான். அவன் தோளை மட்டும் பிடித்து, உடம்பு படாமல் தூக்கப் பார்த்தான். சென்செய் வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்து ஆமிக்காரனின் முதுகைச் சுற்றிப் போட்டார். "நெஞ்சோடு சேர்த்துப் பிடி. தள்ளி நின்று தூக்கினால் இரண்டு பேரும் விழுவீர்கள்." அவன் பிடித்தான். ஆமிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு நோயாளியாகவே இருந்தான். அடுத்தது நானும் அக்காவும். அவளுக்கு இடதுபக்கம் இழுத்துப்போனதாக வைத்துக்கொண்டு சட்டை மாற்றினேன். கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும், போடும்போது வராத கையிலிருந்து. அக்காவுக்குக் கூச்சம் வந்து சிரித்தாள். சென்செய் முறைத்தார்.

பரீட்சை இரண்டு பேரும் பாஸ். கம்ப்யூட்டர் திரையில் இன்டர்வியூ. மூன்று ஜப்பான்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் நாட்டை விட்டு ஏன் வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் பாடமாக்கித் தந்திருந்தார்கள்: வயதானவர்களை மதிக்கிற பண்பாட்டில் வளர்ந்தேன், அந்த மதிப்பை ஜப்பானிலும் காட்ட விரும்புகிறேன். நான் தடுமாறாமல் சொன்னேன். திரையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இருவரையும் எடுத்தார்கள்.

மெடிக்கல் பரிசோதனையில் என் எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தார்.

"சின்ன வயதில் காசம் வந்ததா?"

"தெரியாது டாக்டர்."

"வந்து ஆறியிருக்கிறது. இப்போது ஒன்றுமில்லை. ஆனால் தழும்பு தெரிகிறது."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவ கொழுந்து மலையில் நின்றா. சுற்றிலும் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"ஆமா, ஒனக்கு ஏழு வயசுல வந்துச்சு. ஒங்க மாமாவுக்கும் இருந்துச்சுல்ல, ஒரே காம்பராவுலதானே எல்லாரும் படுத்தோம். டிஸ்பென்சரில மருந்து குடுத்தாங்க. ஏன், இப்ப என்னா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமயா கேக்குற?"

"சும்மா கேட்டேன். வைக்கிறேன்."

தழும்பைப் பார்த்து ஜப்பான் கம்பெனிக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சென்செய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வருத்தப்பட்டது தெரிந்தது. நான் சரி சென்செய் என்று ஜப்பான் மொழியில் சொல்லிக் குனிந்து கும்பிட்டேன், பழக்கமாகிவிட்டது. கீழே இறங்கி வந்து மீன் வைத்த மாலுபான் ஒன்று வாங்கித் தின்றேன். மீன் கொஞ்சமாகவும் உருளைக்கிழங்கு கூடவும் இருந்தது. அன்றைய நாளில் அதுதான் நினைவில் நிற்கிறது.

*

அக்காவுக்குப் பிளைட் போட்டு டிக்கெட்டும் வந்த பிறகு அவளுடைய அம்மா குசினி அடுப்படியில் விழுந்தார். இடது பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. வாயும் கோணி, பேச்சும் போய்விட்டது. கண்டி பெரியாஸ்பத்திரியில் வாட்டுக்கு வெளியே உள்ள வாங்கில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் சோற்றுப் பார்சல் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நங்கி, நான் போகாமல் விட்டுவிடட்டுமா?"

"விட்டுவிட்டு?"

"அதுதான். விட்டுவிட்டு என்ன செய்வது. மருந்துக்கே ஒன்றுமில்லை." கொஞ்ச நேரம் கையில் இருந்த கைக்குட்டையை மடித்தாள், விரித்தாள். "அண்ணனும் வரமாட்டார். வந்தால் திரும்பப் போக விடமாட்டார்களாம்."

அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"நீ அம்மாவோடு இருக்கிறாயா?"

"இருக்கிறேன்."

"யோசித்துச் சொல்."

"யோசிக்க ஒன்றுமில்லை அக்கே."

உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை. கடையில் வாங்கியதைவிடக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னாள். தங்க அறை இருந்தது. வேலையும் நான் பரீட்சை எழுதிப் பாஸான வேலை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்டவுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவ அப்போதும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருந்தா. அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டா.

"அங்க போயி அந்தம்மாவப் பாக்கப் போற. இங்க என்னைய யாரு பாக்குறது?"

கோபமாகக் கேட்கவில்லை. விலை கேட்கிற மாதிரிக் கேட்டா. "நீ நல்லாத்தானேம்மா இருக்க" என்றேன். "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று ரொட்டியைப் புரட்டிப் போட்டா.

*

குண்டசாலை வீடு சின்னது, முன்னால் ஒரு கொய்யா மரம். அக்காவின் அம்மாவை நான் 'அம்மே' என்று கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் வரைக்கும் அவருக்குப் பேச்சு வரவில்லை. சத்தம் மட்டும் வரும். வலது கை நல்ல கை, அதனால் அடிப்பார். குளிப்பாட்டும்போது அடிப்பார், துணி மாற்றும்போது அடிப்பார். முதல் நாள் செய்த பருப்பைத் துப்பிவிட்டார். நான் எங்கள் வீட்டுப் பழக்கத்தில் காரம் போட்டுவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டுத் தேங்காய்ப்பாலில் மஞ்சள் குழம்பாக ஆணம் வைக்கப் பழகினேன். அதைச் சாப்பிட்டார்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அவர் என்னிடம் கேட்ட முதல் முழு வசனம், "உன் ஊர் எது?"

"ஹேவாஹெட்ட, அம்மே."

"அது இல்லை. ஊர். இந்தியாவில்."

"தெரியாது அம்மே. எங்கள் அம்மாவுக்கும் தெரியாது."

என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று பார்த்திருக்கலாம். "ஊர் தெரியாமல் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். வாயோரத்தைத் துடைத்துவிட்டேன்.

அக்கா கிழமைக்கு இரண்டு தடவை வீடியோ கோலில் வருவாள். முதலில் அம்மேயிடம் பேசி அழுவாள். பிறகு போனை நான் அறைக்குள் கொண்டுபோவேன். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் நேபாளப் பெண்கள் இருந்தார்கள், வியட்நாம்காரிகள் இருந்தார்கள். தலையில் துணி போட்டு ஐந்து வேளையும் தொழுகிற இந்தோனேசியப் பெண் ஒருத்தி இவளுடைய அறைத்தோழி. "ஹாஜியார் கடை மாதிரியே நங்கி. இங்கேயும் எல்லாரையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் இங்கே எங்கள் பாஷையில் வாங்க வருகிற ஆட்கள் இல்லை" என்றாள்.

"அம்மே உன்னை அடிக்கிறாரா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இப்போது குறைவு."

"என்னையும் ஒரு கிழவி அடிக்கிறார். கரண்டியால். பிறகு என்னை மகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார். அந்த மகள் மாதத்துக்கு ஒரு தடவை கேக் கொண்டுவந்து எனக்குக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போகிறாள். வாசல் வரை போகும்போதே நேரம் பார்க்கிறாள். அவளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது." பிறகு வேறு ஏதோ பேசினாள், அங்கே பனி விழுந்ததைப் பற்றி.

வெசாக் போயாப் பௌர்ணமிக்கு அம்மே பன்சலைக்கு, புத்த கோயிலுக்கு, போக வேண்டும் என்றார். வெள்ளைச் சேலை கட்ட ஏலாது, வெள்ளைப் பாவாடையும் சட்டையும் போட்டுத் தலை சீவி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். படி ஏற முடியாத இடத்தில் ஓட்டோக்காரரும் நானும் தூக்கினோம். மலர்த் தட்டை அவருடைய நல்ல கையில் வைத்து நான் அடியில் தாங்கிக்கொண்டேன். அருகில் வந்த ஒரு பெண், "இந்த மகளைக் கண்டதில்லையே" என்றாள்.

"மகள் ஜப்பானில்" என்றார் அம்மே. "இது அபே கெல்ல."

எங்கள் பெண் என்று அர்த்தம். வீட்டுப் பிள்ளையையும் அப்படிச் சொல்லலாம். வீட்டு வேலைக்கு நிற்கிறவளையும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பெண் எந்த அர்த்தத்தில் எடுத்தாளோ, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அம்மே எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் அவருக்குத் தூக்கம் வந்து என் தோளில் சாய்ந்துகொண்டார். கனமாக இருந்தது.

*

மழைக்காலத்தில் எங்கள் அம்மா லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் பைப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டா. ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து அனுப்பினார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவ எழும்பவில்லை. என் அண்ணன் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை, அவரால் வர ஏலாது. நானும் அம்மேயை விட்டு வர ஏலாது. லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கிற ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். தோட்டம் கொடுத்ததைவிட நான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன்.

ஜப்பானில் ஒரு கிழவியின் பிள்ளைகள் கட்டுகிற காசில் அக்காவுக்குச் சம்பளம். அதில் ஒரு பங்கு எனக்கு. எனக்கு வந்ததில் ஒரு பங்கு அடுத்த காம்பராக்காரிக்கு. கண்டியில் பாங்கிற்குப் போய் வரிசையில் நிற்கும்போது ஒரு தடவை இதை நினைத்துப் பார்த்தேன். பிறகு என் முறை வந்துவிட்டது.

காம்பராக்காரிக்குப் போனில் சொல்லிக்கொடுத்தேன்.

"ஒரே பக்கமா படுக்கவிடாதீங்க. பொரட்டிப் போடுங்க. முதுகு செவந்திருக்கான்னு பாருங்க."

"அம்மா கத்துதுங்க, தொட்டாலே."

"கத்தட்டும். நெஞ்சோட சேத்துப் புடிச்சுத் தூக்குங்க. தள்ளி நின்னு தூக்காதீங்க."

மாதத்தில் ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டு அம்மா அம்மேயைப் பார்த்துக்கொள்ள, நான் தலாத்துஓயா பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனதும் அம்மாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, தலைக்கு எண்ணெய் வைப்பேன். எல்லாம் சுத்தமாகச் செய்வேன். அம்மா ஒரு தடவை, "நல்லாப் பழகிட்ட" என்றா. பின்னேர பஸ் போனால் அடுத்த பஸ் இல்லை.

ஒரு புதன்கிழமை காலையில் அம்மேக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அக்கா, ஒங்கம்மா போயிருச்சுங்க. இப்பத்தான். நான் பொரட்டிப் போடத் தூக்குனேன், கையிலேயே போயிருச்சு."

சரி என்றேன். வைத்துவிட்டு, கோப்பையில் மிச்சம் இருந்த கஞ்சியையும் ஊட்டினேன். பாதியில் நிறுத்தினால் அம்மேக்குப் பிறகு பசிக்கும். வாயைத் துடைத்து, நிமிர்த்தி இருத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருடைய சேலையில் பொரித்த கருவாட்டு மணம் அடித்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

சாவு வீட்டுக்கு ஹாஜியார் வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. அக்காவாக இருக்கலாம். ஒரு வேனில், சீனி, தேயிலை, பிஸ்கட், பெட்டிக்குப் போட ஒரு வெள்ளைத் துணிச் சுருள். எங்கள் லயத்து வாசலில் தொப்பியோடு அவர் நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். அண்ணன் கதிரை எடுத்துப் போட்டார். ஹாஜியார் வயசாகிப்போயிருந்தார். மகன் கட்டாரில் நல்லா இருக்கிறான், ஆனால் பேரப்பிள்ளையைப் போனில்தான் பார்க்கிறோம் என்றார். என்னைக் கூப்பிட்டார்.

"அங்க ஒன்ன நல்லாப் பாத்துக்கொள்றாங்களா மகள்?"

"நான்தான் பாத்துக்கிறேன் ஹாஜியார்."

அவர் கொண்டுவந்த துணியைக் கையில் எடுத்தார். துணியின் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "நல்ல துணி, பழைய சரக்கு" என்றார்.

மூன்றாம் நாள் காரியம் முடித்ததும் திரும்பினேன். பதினாறுக்கு ஒரு நாள் போய் வந்துவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவரும் அன்றே கொழும்புக்குப் போனார். குண்டசாலையில் அம்மே பக்கத்து வீட்டு அம்மாவைக் கிட்ட வர விடவில்லையாம். மூன்று நாளும் உடம்பு துடைக்கவும் விடவில்லை. நான் பேசினில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தேன்.

"உன் அம்மா போய்விட்டாரா?"

"போய்விட்டார் அம்மே."

"உன் கையிலா?"

"இல்லை. அடுத்த வீட்டுக்காரியின் கையில்."

அவர் நல்ல கையை நீட்டினார். அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் அப்படித்தான் நடக்கும்" என்றார்.

தண்ணீர் ஆறிவிடும் என்று சட்டையைக் கழற்றத் தொடங்கினேன். அவர் விட்டுக்கொடுத்தார்.

அக்கா அன்று போனில் நிறைய அழுதாள். என் அம்மாவை அவள் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், கடைக்கு ஒரு தீபாவளிக்கு வந்தபோது. "நீ அழு நங்கி, அழாவிட்டால் உடம்புக்குக் கூடாது" என்றாள். அழுகிறேன் அக்கே என்றேன். திரையில் அவளுக்குப் பின்னால் இந்தோனேசியப் பெண் தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

*

இது நடந்து ஒரு வருஷம் தாண்டுகிறது. போன மாதம் அக்கா இரண்டு செய்தி சொன்னாள். அவளுடைய வேலையை இன்னும் சில வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். பக்கத்து டவுனில் இன்னொரு இல்லம் இருக்கிறது, அங்கே ஆள் பற்றாக்குறை அதிகம். பழைய தழும்பு இருந்தாலும் பரவாயில்லையாம், டாக்டர் நோய் இல்லை என்றால் போதும்.

"நீ வா நங்கி. நான் கேட்டு வைத்திருக்கிறேன். பாஷையும் உனக்கு மறந்திருக்காது."

"அம்மேயை யார் பார்ப்பது?"

அப்போது அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஹை" என்று ஜப்பான் மொழியில் பதில் கொடுத்துவிட்டு, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள். அடுத்த தடவை எடுத்தபோது அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று அடுத்த காம்பராக்காரி எடுத்தாள். தோட்டத்தில் வேலைநாள் குறைத்துவிட்டார்களாம்.

"ஒங்கம்மாவப் பாத்துப் பாத்து எனக்கும் வேல பழகிருச்சுங்க. டவுன் பக்கம் எங்கயாச்சும் வயசானவங்களப் பாக்குற வேல இருந்தா சொல்லுங்கக்கா. தங்கி நிக்கிறதுன்னாலும் சரி."

"புள்ளைய என்னா செய்வீங்க?"

"எங்கம்மா இருக்குல்ல."

அவளுடைய அம்மா இன்னும் மலைக்குப் போகிறா என்று எனக்குத் தெரியும். பின்னால் பிள்ளை எதற்கோ அழுகிற சத்தம் கேட்டது. சொல்கிறேன் என்று வைத்தேன். வெளியில் தூறல் விழத் தொடங்கியிருந்தது. கொய்யா மரத்தடியில் காயப்போட்டிருந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அம்மே யார் போனில் என்று கேட்டார். ஊரிலிருந்து என்றேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை.